எலும்புக் கட்சியும் சிறுநீரகக் கட்சியும்
திருகோணமலைக் குடாக்கரை வைத்திய சரித்திரம் – அத்தியாயம் 14

1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய பின்னர், இங்கே நிறுத்தப்பட்ட காவற்படையினரைப் பெரிபெரி என்னும் வியாதி எவ்வாறு வருத்திற்று என்பதையும், கால் வீங்கி மூச்சுத் திணறி மாண்ட அச்சிப்பாய்களின் நோய்க்கு உணவிலே இல்லாது போன ஒரு பொருளே காரணம் என்று உலகம் அறிந்துகொள்ள நூறாண்டுக்கு மேற் சென்றதையும் சென்ற அத்தியாயத்திற் பார்த்தோம். அது இல்லாமையால் வந்த நோய். இந்த அத்தியாயத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயமோ அதற்கு வேறானது. சரீரத்திலே போதிய அளவு இருக்கின்ற பொருளே, இருக்கவேண்டிய இடத்தை விட்டுப் பெயர்ந்து இருக்கத்தகாத இடத்திற் சென்று சேர்வதால் விளையும் துன்பத்தைப் பற்றியது. அப்பொருள் கல்சியம் என்னும் சுண்ணச்சத்து. அதைப் பெயர்ப்பதும் நிறுத்துவதும் கழுத்திலே மறைந்திருக்கும் நான்கு சிறு சுரப்பிகளின் அதிகாரம். அந்த அதிகாரம் செல்லும் இடங்கள் எலும்பும் சிறுநீரகமும்.

எலும்பு நலிவதும் சிறுநீரகத்திற் கல் விழுவதும் வெவ்வேறு வைத்தியரிடம் போகவேண்டிய வெவ்வேறு நோய்கள் என்றே நம்மவர் மாத்திரமன்றி ஐரோப்பியப் பண்டிதர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இரண்டுக்கும் மூலம் ஒன்றாகவும் இருக்கலாம் என்பது புலனான பின்னரும், அந்தச் சுரப்பியின் ஆட்சி முதலிலே செல்வது எலும்பின் மீதா, சிறுநீரகத்தின் மீதா என்று இரு கட்சியார் பிரிந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாதாடினர். அவ்வழக்கின் வரலாறும், அது தீர்ந்த விதமும், தீர்ந்த வழக்கின் பயன் நம்முடைய மாவட்டத்து நோயாளிகளுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதுமே இவ்வத்தியாயத்தின் பொருள்.

சுரப்பியை முதன்முதலாகக் கண்டவர் மனித சரீரத்தில் அதைக் காணவில்லை. இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, 1834ஆம் ஆண்டு முதல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் வாழ்ந்துவந்த காண்டாமிருகம் ஒன்று 1849ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இறந்தபோது, அதன் உடலை அறுத்து ஆராயும் பொறுப்பு ரிச்சர்ட் ஓவன் என்னும் உடற்கூற்றுப் பண்டிதரிடம் வந்து சேர்ந்தது. மலைபோன்ற அந்த உடலைப் பொறுமையோடு பகுத்துக்கொண்டு வந்த ஓவன், தைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து நாளங்கள் வெளிப்படும் இடத்தை ஒட்டி, மஞ்சள் நிறமான சிறு சுரப்பி ஒன்று தனித்து இருப்பதைக் கண்டு குறித்துவைத்தார். குறிப்பு எழுதப்பட்டது, சபையிலே வாசிக்கப்பட்டது, பின்னர் எவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முப்பது ஆண்டுகள் கழிந்தபின், சுவீடன் தேசத்து உப்சலாப் பல்கலைக்கழகத்தில் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் என்னும் வைத்திய மாணவர், 1877இல் ஒரு நாயின் கழுத்திற் கண்ட அதே சுரப்பியைத் தொடர்ந்து பல பிராணிகளிலும், பின்னர் ஐம்பது மனித உடல்களிலும் தேடிக் கண்டுபிடித்து, 1880இல் அதற்குப் பராதைரொயிட்டு என்று பெயரிட்டுப் பிரசுரித்தார். மனித சரீரத்திலே புதிய உறுப்பொன்று இனிமேல் கண்டுபிடிக்கப்பட இயலாது என்று கருதப்பட்ட காலத்திலே வந்த அந்தக் கண்டுபிடிப்பை உலகம் பொருட்படுத்தவில்லை. அதன் பெருமையை அறியாமலே சாண்ட்ஸ்ட்ரோம் 1889இல், நாற்பது வயதும் நிரம்பாத நிலையில், மாண்டார்.

உறுப்பு இருக்கிறது என்பது தெரிந்தாயிற்று. அது என்ன செய்கிறது என்பது தெரிய மரணங்கள் வேண்டியிருந்தன. கண்டமாலை என்னும் கழுத்துக் கழலைக்காகத் தைரொயிட்டை முழுதும் அறுத்தெடுத்த ஐரோப்பியச் சத்திரவைத்தியர்கள், தம் நோயாளிகளிற் சிலர் கைவிரல்கள் கோணி, தசைகள் இழுத்து, குரல்வளை அடைபட்டு மடிவதைக் கண்டு திகைத்தனர். பிரான்சு தேசத்து யூஜின் கிளே 1891இலும், இத்தாலியின் வசாலே, ஜெனராலி ஆகிய இருவர் 1896இலும் செய்த பரிசோதனைகள், தைரொயிட்டோடு கூடவே அறியாமல் அகற்றப்பட்ட சிறு சுரப்பிகளின் இழப்பே அந்த இழுப்புக்குக் காரணம் என்று காட்டின. 1909இல் அமெரிக்காவின் மக்கலமும் வோக்ட்லினும், சுரப்பி நீக்கப்பட்ட நாய்களின் இரத்தத்திலே கல்சியம் குறைந்திருப்பதையும், கல்சிய உப்பை நாளத்தில் ஏற்றியவுடன் இழுப்பு நின்றுவிடுவதையும் நிறுவினார்கள். இன்றும் தைரொயிட்டுச் சத்திரசிகிச்சை முடிந்த நோயாளியின் காதுக்கு முன்புறமாக வைத்தியர் விரல்நுனியால் மெல்லத் தட்டி, உதட்டோரம் துடிக்கிறதா என்று பார்ப்பதற்கும், கையிலே இரத்த அழுத்தப் பட்டியைச் சில நிமிடம் இறுக்கி வைத்து விரல்கள் குவிகின்றனவா என்று கவனிப்பதற்கும் பொருள் இதுவே. இரத்தத்திலே கல்சியம் தாழ்ந்தால் நரம்பும் தசையும் கட்டளையில்லாமலே துடிக்கத் தொடங்கிவிடும்.

இனி இதற்கு எதிர்ப்புறமான நோயைப் பார்ப்போம். வியன்னா நகரத்து ஜேக்கப் ஏர்டைம், எலும்பு நலிந்து மாண்டவர்களின் உடலிலே இச்சுரப்பிகள் பருத்திருப்பதைக் கண்டு, எலும்பின் குறையை ஈடுசெய்யவே சுரப்பி பருக்கிறது என்று முடிவுசெய்தார். அந்த முடிவு பல நோயாளிகளைப் பொறுத்தவரை சரியானதே. ஆனால் எல்லோருக்கும் அதுவே என்று கொண்டதனால் ஒரு விபரீதம் நேர்ந்தது. அதே வியன்னாவில் எலும்பு முறிந்து நடக்கவியலாது கிடந்த டிராம் வண்டி நடத்துனர் ஒருவருக்கு, பீலிக்ஸ் மாண்டில் என்னும் சத்திரவைத்தியர், இறந்த ஒருவரிடமிருந்து எடுத்த பராதைரொயிட்டை மேலும் ஒட்டவைத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை. அதன்மேல் 1925ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நோயாளியின் கழுத்தைத் திறந்து, அங்கே இருந்த கட்டியை, ஊரெல்லாம் சொன்னதற்கு மாறாக, அகற்றிவிட்டார். சில நாட்களுக்குள் சிறுநீரில் வந்துகொண்டிருந்த சுண்ணப்படிவு நின்றது. சில மாதங்களில் அம்மனிதர் நடந்தார். சில ஆண்டுகளின் பின் நோய் மீண்டு அவர் இறந்தாரேனும், சுரப்பி மிகையாகச் சுரப்பதே எலும்பை அழிக்கவல்லது என்பது அன்று நிரூபணமாயிற்று. இன்சுலினைத் தூய்மைசெய்ததில் பங்குகொண்ட கனடா தேசத்து ஜேம்ஸ் கொலிப், அதே 1925இல், மாட்டின் சுரப்பியிலிருந்து வீரியமான சாற்றை வடித்து, அதை ஏற்றினால் நாயின் இரத்தத்தில் கல்சியம் உயர்வதைக் காட்டினார்.

இத்துணையும் அறியப்பட்ட வேளையிலேதான், கடலோடி ஒருவருடைய சரீரம் இச்சரித்திரத்தின் நடுவே வந்து நின்றது. அமெரிக்க வணிகக் கப்பலொன்றின் தலைவராயிருந்த சார்ல்ஸ் மார்ட்டெல், ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற வலிமையும் உடைய வாலிபர். முதலாம் உலக யுத்தம் முடிந்த காலத்திலிருந்து அவருடைய உயரம் குறையலாயிற்று. கழுத்து தோளுக்குள் இறங்கிற்று, மார்பெலும்பு முன்தள்ளிற்று, சிறு இடறலுக்கும் எலும்பு முறிந்தது, சிறுநீரிலோ வெண்மணல் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ ஏழு அங்குலம் குன்றிப்போன இந்த மனிதரை 1926இல் நியூயோர்க் பெல்வியூ ஆஸ்பத்திரியிற் பரிசோதித்த யூஜின் டுபுவா, இரத்தத்தில் கல்சியம் மிகுந்தும் பொசுபேற்றுக் குறைந்தும் இருப்பதைக் கண்டு, கொலிப்பின் சாறு ஏற்றப்பட்ட நாய்களின் இரத்தத்தை அது ஒத்திருப்பதை உணர்ந்து, பராதைரொயிட்டு மிகையாகச் சுரப்பதே நோய் என்று நிதானித்து, பாஸ்டன் நகரத்து மசாசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே கழுத்தைத் திறந்தார்கள்; கட்டி அகப்படவில்லை. மறுபடியும் திறந்தார்கள், அகப்படவில்லை. ஆண்டுகள் சென்றன, சத்திரசிகிச்சைகள் ஆறாயின. நோயாளியோ வைத்தியருடைய கைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்துவிட்டு வாளாவிருக்கவில்லை. உடற்கூற்று நூல்களைத் தாமே தேடிப் படித்து, சுரப்பி கருவிலே தோன்றி இறங்கும் பாதையை அறிந்து, மார்புக்கூட்டின் உள்ளே தேடுமாறு வைத்தியரைத் தூண்டினார் என்று அவர்களே பின்னர் எழுதிவைத்திருக்கின்றனர். 1932இல் எட்வர்ட் சேர்ச்சிலும் ஒலிவர் கோப்பும் ஏழாவது முறையாக மார்பெலும்பைப் பிளந்து பார்த்தபோது, கட்டி அங்கேதான் இருந்தது. பெரும்பாகத்தை அகற்றி, இழுப்புநோய்க்கு அஞ்சிச் சிறுபாகத்தை விட்டுவைத்தார்கள். அப்படியிருந்தும் இழுப்பு வந்தது. இத்தனை ஆண்டும் பட்டினி கிடந்த எலும்புகள் கல்சியத்தை ஆவலோடு இழுத்துக்கொண்டன போலும். ஆறு வாரங்களின் பின், சிறுநீர்க்குழாயில் அடைபட்ட கல்லொன்றுக்காகச் செய்யப்பட்ட சிகிச்சையை ஒட்டி, கப்பற்றலைவர் இறந்துபோனார். எலும்பை அழித்த நோய் விட்டுவிட்டது. அது சிறுநீரகத்திற் போட்டுவைத்த கல் விடவில்லை. ஒரே நோயின் இரண்டு கைகளும் ஒரே மனிதரில் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருந்தமையாலேயே மார்ட்டெலின் பெயர் வைத்திய நூல்களில் நிலைத்திருக்கிறது.

அவரை ஆராய்ந்த குழுவில் இருந்த இளைஞர் புல்லர் ஆல்பிரைட் என்பவரே சிறுநீரகக் கட்சியின் தலைவர். சுரப்பி இயல்பாகவே செயலற்றிருந்த ஒரு நோயாளிக்குக் கொலிப்பின் சாற்றை ஏற்றி, எல்ஸ்வேர்த் என்பவரோடு சேர்ந்து மணிக்கணக்காகச் சிறுநீரையும் இரத்தத்தையும் அளந்து, 1929இல் அவர் வெளியிட்ட வரிசை இது: முதலிலே சிறுநீரில் பொசுபேற்று மிகுந்தது, அடுத்து இரத்தத்திற் பொசுபேற்றுக் குறைந்தது, அதன் பின்னரே இரத்தத்திற் கல்சியம் உயர்ந்தது. ஆதலால் அச்சாற்றில் உள்ள ஓமோன் என்னும் சுரப்பு சிறுநீரகத்திற் பொசுபேற்றை வெளியேற்றுவது ஒன்றையே செய்கிறது, எலும்பு கரைவது அதன் பின்விளைவு என்பது ஆல்பிரைட்டின் சித்தாந்தம். கொலிப்பும் அவரைச் சேர்ந்தோரும் இதை ஒப்பவில்லை. ஓமோன் எலும்பின் மீதே நேராகச் செல்கிறது. எலும்பைத் தின்னும் பெருங்கலங்கள் அங்கே பெருகுவதைப் பார்த்த கண்ணுக்கு வேறு சாட்சி எதற்கு என்பது அவர்கள் கட்சி.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு பொழிந்ததை இக்கரையில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். யுத்தத்தின் நடுவிலும் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. அதே ஆண்டில் சிக்காகோவில் பாட், லக்கார்ட் என்னும் இருவர், கல்சியம் குறைந்த இரத்தத்தைச் சுரப்பியினூடாகச் செலுத்தி, அக்குறைவே சுரப்பியைத் தூண்டும் கட்டளை என்று காட்டினார்கள். மறுவருஷம் ஆல்பிரைட்டும் அவருடைய சகாக்களும், சிறுநீரகங்களை நீக்கிவிட்ட எலிகளுக்குச் சுரப்பிச் சாற்றை ஏற்றினார்கள். சிறுநீரகமே இல்லாத அந்த எலிகளிலும் எலும்பு கரைந்தது. தம் சித்தாந்தத்துக்கு மாறான சாட்சியைத் தம் கையாலேயே தேடிக் கண்டு, தம் பெயரோடு பிரசுரித்த அந்த நேர்மை சாஸ்திர உலகத்திலே எளிதிற் காணக்கூடியதன்று. 1948இல் இலண்டனிலே பார்னிக்கொட் என்பவர் சுண்டெலியின் மண்டையோட்டுத் துண்டொன்றோடு பராதைரொயிட்டை ஒட்டிப் பதியம் வைத்தபோது, சுரப்பி தொட்ட பக்கத்து எலும்பு மாத்திரம் அரிக்கப்பட்டது. எலும்புக் கட்சிக்கு அதைவிடத் திருத்தமான சாட்சி வேண்டியதில்லை.

ஆயினும் சிறுநீரகக் கட்சி தோற்றுப்போகவில்லை. 1963இல் பெர்சன், யாலோ முதலியோர் இரத்தத்தில் இவ்வோமோனின் அளவைக் கதிரியக்க முறையால் அளக்கக் கற்றுத்தந்தார்கள். 1967இல் சேசும் ஓர்பாக்கும், ஓமோன் சிறுநீரகக் கலங்களிலே நேராகவே சைக்கிளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருளை எழுப்புவதைக் கண்டார்கள். 1970இல் மாட்டின் ஓமோன் 84 அமினோ அமிலங்களால் ஆன கோவை என்பது எழுத்தெழுத்தாக வாசிக்கப்பட்டது. அவற்றில் முதல் 34 இருந்தாலே காரியம் நடக்கும் என்பதும் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில், ஓமோனைப் பற்றிக்கொள்ளும் வாங்கி என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டபோது, சிறுநீரகக் கலத்தில் இருப்பதும் எலும்புக் கலத்தில் இருப்பதும் ஒரே வாங்கி என்பது வெளிப்பட்டது. வழக்கில் எஞ்சியிருந்த ஐயமும் அதோடு தீர்ந்தது. இரு கட்சியும் சொன்னது மெய். தம் கட்சி மாத்திரமே மெய் என்றதுதான் பிழை.

இனி அந்த ஆட்சி நடைபெறும் முறையைச் சற்று நின்று பார்ப்போம். வளர்ந்த மனித சரீரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பதோ 100 மில்லிலீற்றருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் மாத்திரமே. கந்தளாய்க் குளத்திலே எவ்வளவு நீர் தேங்கியிருந்தாலும், வயலுக்குப் போகும் வாய்க்காலில் நீர்மட்டம் ஓர் அளவுக்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று இரவும் பகலும் மதகைத் திறந்தும் அடைத்தும் காத்திருப்பவனைப் போல, இந்த நான்கு சுரப்பிகளும் எலும்பென்னும் குளத்தை வைத்துக்கொண்டு இரத்தமென்னும் வாய்க்காலைக் காக்கின்றன. ஒவ்வொன்றின் நிறையும் 30 முதல் 50 மில்லிகிராம். நீளம் அரைச் சென்ரிமீற்றருக்குச் சிறிது மேல். கல்சியத்தை உணரும் புரதம் ஒன்று அவற்றின் கலங்களின் மேற்பரப்பில் இருப்பதை 1993இல் கண்டறிந்தார்கள். இரத்தத்திற் கல்சியம் சற்றே தாழ்ந்தவுடன், விநாடிகளுக்குள் ஓமோன் வெளிப்படுகிறது. வெளிப்பட்டது சில நிமிடங்களுக்குள் பாதியாக அழிந்தும் போகிறது. ஆகவே கட்டளை விரைவாக எழும். வேண்டாதபோது விரைவாக ஓயும்.

சிறுநீரகத்துக்குச் சென்ற கட்டளை மூன்று காரியங்களைச் செய்விக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீர் சிறுநீரக வடிகளினூடாக வடிகிறது. அதனோடு பத்துக் கிராம் அளவுக்குக் கல்சியமும் வடிந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு மீட்கப்படுகிறது. அந்த மீட்சியின் கடைசிப் பகுதி, சிறுநீர்க் குழலியின் தொலைமுனையில், ஓமோனின் கட்டளைப்படி கூடவும் குறையவும் செய்யும். அது முதற் காரியம். குழலியின் அண்மை முனையிலே பொசுபேற்றை மீட்கும் வாயில்களை ஓமோன் கலத்தின் விளிம்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்கிறது. மீட்கப்படாத பொசுபேற்றுச் சிறுநீரோடு போய்விடுகிறது. அது இரண்டாவது. ஈரலிலிருந்து அரைகுறையாய் வந்துசேரும் விற்றமின் டியை, முழு வீரியமுள்ள கல்சித்திரியோல் என்னும் வடிவத்துக்கு மாற்றும் நொதியத்தை அது தூண்டுகிறது. அந்தக் கல்சித்திரியோல் குடலுக்குச் சென்று, நாம் உண்ணும் கீரையிலும் பாலிலும், முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியிலும் உள்ள கல்சியத்தை உறிஞ்சச் செய்கிறது. அது மூன்றாவது. இதனாலேயே குடல் நேராக ஓமோனின் ஆட்சிக்கு உட்படாதிருந்தும், சிறுநீரகத்தின் வழியாக உட்படுகிறது.

எலும்புக்குச் சென்ற கட்டளையின் கதை இன்னும் நுட்பமானது. எலும்பைக் கரைக்கும் கலம் ஒன்று, கட்டும் கலம் ஒன்று என்று இருவகை உண்டு. ஓமோன் பேசுவது கரைக்கும் கலத்தோடு அன்று. கட்டும் கலத்தோடும், எலும்புக்குள்ளே புதைந்திருக்கும் அதன் இனத்தோடுமே. அக்கலங்கள் எழுப்பும் ராங்க்-லிகண்ட் என்னும் புரதமே கரைக்கும் கலங்களைப் பெருக்கி வேலைக்கு அனுப்புகிறது. கரையும் எலும்பிலிருந்து கல்சியத்தோடு பொசுபேற்றும் இரத்தத்துக்கு வருகிறது. இரண்டும் ஒருங்கே மிகுந்தால் அவை தம்முட் கூடிப் படிந்துவிடும். கல்சியத்தை உயர்த்த எடுத்த முயற்சி வீணாகும். இங்கேதான் சிறுநீரகம் பொசுபேற்றை வெளியே தள்ளிக் கல்சியத்தை மாத்திரம் நிறுத்திக்கொள்கிறது. எலும்பின் வேலையும் சிறுநீரகத்தின் வேலையும் தனித்தனியே செய்யப்பட்டால் இரண்டுமே கெடும். ஒருங்கே செய்யப்படும்போதுதான் இரத்தத்தின் கல்சியம் நிலைபெறும். முப்பது ஆண்டு வாதத்தில் இரு கட்சியாருக்கும் பிடிபடாதிருந்த உண்மை இதுவே.

இவ்வோமோன் எப்போதும் எலும்பின் பகைவன் என்று எண்ணிவிடவும் கூடாது. இடையறாது மிகுந்திருந்தால் அது எலும்பைத் தின்னும். நாளுக்கு ஒருமுறை சிறிதளவு ஏற்றப்பட்டால், கட்டும் கலங்களை ஊக்கி எலும்பை வளர்க்கும். ஹான்ஸ் செல்யே 1932இலேயே எலிகளில் இதைக் கண்டு எழுதியிருந்தும், அரை நூற்றாண்டுக்கு மேல் அது ஒரு விசித்திரமாகவே கிடந்து, 2002இல் முதல் 34 அமினோ அமிலங்களைக் கொண்ட தெரிபாரடைட் என்னும் ஊசிமருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றபோதுதான் முதுமையில் எலும்பு நலிந்தோருக்குப் பயன்பட்டது. அழிப்பதும் ஆக்குவதும் ஒரே பொருள். வேறுபடுவது அளவும் காலமும்.

இப்போது நம்முடைய மாவட்டத்துக்கு வருவோம். துறைமுகத்திலிருந்து உள்நோக்கிப் போனால் உலர்வலயத்துக் குளங்களும் வயல்களும் தொடங்குகின்றன. வடமேற்கு எல்லையிலே பதவி ஸ்ரீபுர இருக்கிறது. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலே இனங்காணப்பட்டு, சர்க்கரை வியாதியும் உயர் இரத்த அழுத்தமும் இல்லாத விவசாயிகளையே பெரும்பாலும் தாக்கிவரும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், அந்த எல்லையைத் தாண்டி நமது மாவட்டத்துப் பதவி ஸ்ரீபுரவிலும் பரவியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இலங்கைச் சுகாதார அமைச்சு நடத்தி 2013இல் வெளியான ஆராய்ச்சி உட்பட எத்தனையோ ஆராய்ச்சிகள், கட்மியம், ஆர்சனிக், களைகொல்லி, வன்னீர், புளோரைட்டு, வெயிலில் நீரின்றி உழைத்தல் என்று பல காரணங்களை முன்வைத்துள்ளன. எதுவும் இன்னமும் தீர்ப்பாகவில்லை. காரணம் எதுவாயினும், சிறுநீரகம் நலிந்தபின் சரீரத்தில் நடப்பது நன்கு அறியப்பட்டது.

நலிந்த சிறுநீரகம் பொசுபேற்றை வெளியேற்றமாட்டாது. அதை வெளியேற்றுவிக்க எலும்புக் கலங்கள் எப்.ஜி.எப்.-23 என்னும் மற்றோர் ஓமோனைச் சுரக்கின்றன. அது விற்றமின் டியின் இறுதி மாற்றத்தை மேலும் தடுத்துவிடுகிறது. கல்சியம் தாழ்கிறது, பராதைரொயிட்டு எழுகிறது, சிறுநீரகம் செவிசாய்க்காமற் போகவே, கட்டளை முழுதும் எலும்பின் மீது விழுகிறது. 1972இல் நீல் பிரிக்கர் என்னும் அமெரிக்க வைத்தியர் இதை ஒரு கொடுக்கல் வாங்கலாக விளக்கினார்: இரத்தத்தின் பொசுபேற்றைச் சீராக வைத்திருக்கச் சரீரம் ஓமோனை உயர்த்துகிறது, அதற்குக் கொடுக்கும் விலை எலும்பு. ஆண்டுக்கணக்காகத் தூண்டப்பட்ட சுரப்பிகள் பருத்து, பின்னர் கல்சியம் சீரானாலும் அடங்காதவையாகிவிடுகின்றன. நோயாளியின் கைவிரல் எக்ஸ்ரேப் படத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால், நடுவிரல் எலும்பின் பெருவிரற் பக்கத்து ஓரம், நேர்கோடாக இருக்கவேண்டியது, எலி கறித்த தாளைப்போல் அரிபட்டிருப்பதைக் காணலாம். எலும்பை விட்டு நீங்கிய சுண்ணம் இரத்தக்குழாய்களின் சுவரிலே சென்று படிகிறது. மார்ட்டெலின் நோய் சுரப்பியில் தொடங்கிச் சிறுநீரகத்துக்கு வந்தது. நம் விவசாயியின் நோய் சிறுநீரகத்தில் தொடங்கிச் சுரப்பிக்குப் போகிறது. வழி ஒன்றே, புறப்பட்ட இடம் மாத்திரம் வேறு.

நீரிலிருந்து வரும் இன்னொரு வழியும் உண்டு. முன்னைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவிலே, கிணற்று நீரின் மிகையான புளோரைட்டினால் முதுகெலும்பு இறுகிக் கூனிப்போன கிராமத்தவரைப் பற்றி ஷோர்ட் முதலிய வைத்தியர்கள் 1937இல் எழுதினார்கள். வட இந்தியாவில் அதே நோயுற்றோரை ஆராய்ந்த தியோத்தியா தம்பதியர், அவர்களிற் சிலரிடம் பராதைரொயிட்டு மிகையாகச் சுரப்பதை 1973இல் எடுத்துக்காட்டினர். புளோரைட்டு மிகுந்த கிணறுகள் நம் உலர்வலயத்திலும் உண்டாதலால், அவ்வாராய்ச்சி நமக்கு அயலூர்க் கதையன்று.

இவ்வளவும் வாசித்தவர்களுக்குச் சொல்லவேண்டியது சில. சிறுநீரக நோய்க்காகக் கிளினிக்குக்குப் போய்வருவோர் கிரியாற்றினின் அளவு ஒன்றையே கேட்டுத் திரும்பாமல், கல்சியமும் பொசுபேற்றும் எவ்வளவு, பராதைரொயிட்டு ஓமோனைப் பார்க்கவேண்டுமா என்று வைத்தியரைக் கேட்பது நன்று. பொசுபேற்றைக் கட்டுப்படுத்தத் தரப்படும் மாத்திரை உணவிலுள்ள பொசுபேற்றைக் குடலிலேயே பிடித்து நிறுத்துவது; ஆகவே சோற்றோடு உட்கொண்டால்தான் பயன்; வெறும் வயிற்றில் விழுங்கினால் வீண். கருவாடும், கோலாப் பானமும், பொதி செய்து விற்கும் இறைச்சியும் பொசுபேற்றைக் கூட்டுவன. அவற்றை எவ்வளவு கொள்ளலாம் என்பதை வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும். எலும்பு நோகிறதென்று மருந்துக்கடையிற் கல்சிய மாத்திரையும் விற்றமின் டி ஊசியும் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது, இரத்தக்குழாயிற் சுண்ணம் படிய வழிசெய்வதாகும். சிறுநீரகக் கல் மீண்டும் மீண்டும் விழுவோர், பெரும்பாலான கற்களுக்குக் காரணம் வேறாயினும், ஒருமுறையேனும் இரத்தத்தின் கல்சியத்தை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்; அந்த ஒரு பரிசோதனையினாற் பிடிபடும் கட்டியை, காலந்தாழ்த்தாது அறுத்தெடுத்தால் நோய் பெரும்பாலும் குணமாகும்.

(தொடரும்)